அரைச் சுத்து

பதினேழு. சன்னல் பக்கத்துல இருந்து எண்ணுனாலும் பதினேழு, கதவுப் பக்கத்துல இருந்து எண்ணுனாலும் பதினேழு. ஒண்ணு கூடுனா என்ன, கொறஞ்சா என்ன, ஆனாலும் எண்ணிப்போட்டேன். கட்டில ஓரமா நகத்தி, அது மேல பழைய சேலையப் போட்டு மூடி, நடு ரூம்புல ஏணிய விரிச்சு நாலாவது படியில நிக்கறேன். கைய நீட்டுனா சீலிங்கு. ஃபால்ஸ் சீலிங்கு. மேல காங்கிரீட்டு, அதுக்குக் கீழ தகரச் சட்டம் கட்டி, அந்தச் சட்டத்துல ஜிப்சம் அட்டைய வெச்சு ஸ்க்ரூப் போட்டு முடுக்கி, ஸ்க்ரூத் தலை தெரியாம பட்டி பாத்து, பெயிண்ட் அடிச்சது. அடிச்ச அன்னைக்குப் பாலாடை மாதிரி இருந்துச்சு. இப்ப பதினேழு எடத்துல ஸ்க்ரூத் தலை பட்டியத் தள்ளிக்கிட்டு வெளிய வந்து நிக்குது. கூரைக்குப் பருவு வந்திருக்குதுங்கன்னு துளசி சொல்லுவா. அப்பறம் வேற என்னமோ ஒண்ணும் சொன்னா இதப் பத்தி. சிரிச்சுக்கிட்டே சொன்னா. என்ன சொன்னான்னு காலைல இருந்து மண்டைக்குள்ள ஒரு மூலையில உறுத்திக்கிட்டே கெடக்குது, வெளிய வர மாட்டேங்குது. வராட்டிப் போகுது. அஞ்சு மணிக்கு அவ வர்றா. என்ற சம்சாரம். கோயமுத்தூர் ஆஸ்பத்திரில பத்தொம்பது நாள் கெடந்துட்டு ஆம்புலன்சுல படுத்தவாக்குல வர்றா, எம்பட புள்ள சுபா கூட வருது. வந்து இந்த ரூம்புல, இந்தக் கட்டல்ல, இந்தச் சீலிங்குக்குக் கீழதான் படுக்கப் போறா. இனி எந்திரிக்கப் போறதில்ல. அது எனக்குத் தெரியும், சுபாவுக்குத் தெரியும், ஆஸ்பத்திரிக்காரங்களுக்குத் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. தெரியக்கூடாது. அதுக்குத்தான் ஏறி நிக்கறேன். சாகக் கெடக்கறவ ரூம்புக்கு எவனாச்சும் பெயிண்ட் அடிப்பானா? பெயிண்ட் அடிச்சா அது பொழைக்கறவ ரூம்பு. அவ மேல பாத்தா வெள்ளையா, மழுமழுன்னு இருக்கோணும். நாம இன்னும் நெறைய நாளு இருக்கப் போறோம், அதனாலதான் இந்த மனுசன் இத்தனை மெனக்கெட்டிருக்கறாருன்னு தோணோணும். மத்தியானத்துக்குள்ள பட்டி, அப்பறம் பெயிண்ட். அஞ்சுக்குள்ள ஆயிரும். ஆகோணும்.

உள்ளங்கைய அட்டைல வெச்சுத் தள்ளுனா அட்டை மேல போயிட்டுக் கீழ வருது. கெட்டியா இருக்கோணும், ஆனா மூச்சு உடற மாதிரி ஏறி எறங்குது. சட்டத்துக்கும் அட்டைக்கும் நடுவுல சந்து உழுந்து போச்சு. இதுக்கு மேல வெறும் பட்டிய அப்புனா மூணு மாசத்துல திரும்ப வந்துரும், ரெண்டு தடவை அப்புடித்தான் வந்துச்சு, பெயிண்டர் வந்து தடவீட்டுப் போனான், அது பாட்டுக்கு மறுபடியும் எட்டிப் பாத்துச்சு. சந்த மூடோணும். பழைய ஸ்க்ரூவுக்கு ஒண்ணரை விரக்கடை தள்ளி, அட்டைய மேல அமுக்கிப் புடிச்சுக்கிட்டு, புதுசா ஒரு ஸ்க்ரூவ சட்டத்துல ஏத்தோணும். அது புடிச்சதுக்கப்பறம் பழசக் கழட்டி, அட்டை மேல ஒட்டியிருக்கற பேப்பரு கிழிஞ்ச எடத்த பிளேடுல சுத்தமா அறுத்து, அப்பறந்தான் பட்டி. சட்டம் எங்க ஓடுதுன்னு கண்ணுக்குத் தெரியாது. அதுக்கு எங்கிட்டக் காந்தம் இருக்குது. நான் மெக்கானிக்கா இருந்த பனியன் கம்பெனில மெசின்ல ஊசி ஒடஞ்சா அத்தன துண்டும் கெடச்சாத்தான் திரும்ப மெசின ஓட்டோணும், ஒரு துண்டு கொறஞ்சாலும் துணிக்குள்ள இருக்குதுன்னு அர்த்தம், அதுக்குத் தேடற காந்தம். முப்பத்தி நாலு வருசம் பாக்கெட்டுலயே இருந்துச்சு. அத அட்டைல வெச்சு இழுத்துக்கிட்டே போனா ஒரு எடத்துல ஒட்டிக்குது. அங்க பென்சில்ல ஒரு கோடு. துளசி வயித்துல என்னமோ இருக்குதுன்னு மொத டாக்டரு ஸ்கேன்ல இப்புடித்தான் இழுத்துக்கிட்டே போயி ஒரு எடத்துல நின்னாரு. திரையில கோடு போட்டாரு. இல்ல, இத நெனைக்கக் கூடாது, இப்ப ஸ்க்ரூ. ஸ்க்ரூத் தலை பேப்பர்ல ஒரு நூலளவு உள்ள போகோணும், பேப்பரு கிழியக் கூடாது. அங்க நிறுத்தோணும். நிறுத்து. நிறுத்தீட்டேன். ஆனா கை நிக்கல. மணிக்கட்டு தன்னால இன்னொரு அரைச் சுத்து போகப் பாக்குது. இடது கையில வலது கையப் புடிச்சு நிறுத்த வேண்டியதா இருக்குது.

அந்த அரைச் சுத்துத்தான் எல்லாத்தையும் கெடுத்துச்சு. ஓவர்லாக் மெசின் நிமிசத்துக்கு அஞ்சாயிரம் தையல் ஓடும், அந்த ஆட்டத்துல ஸ்க்ரூ நிக்கோணும்னா, முடுக்கி முடிஞ்சு கைக்கு கெட்டியானதுக்கு அப்பறமும் ஒரு அரைச் சுத்து குடுக்கோணும். எந்த மெக்கானிக்கும் அப்புடித்தான் செய்வான். நாச்சிமுத்து முடுக்குனா மறை தேயற வரைக்கும் கழலாதுன்னு கம்பெனில பேரு. சுபாவப் பொண்ணு பாக்க வர்றாங்கன்னு அவசர அவசரமா இந்தச் சீலிங்கு போட்டோம். சுபாதான் கேட்டுச்சு, நவீனமா இருக்கோணும்ப்பான்னு. சீலிங்கு ஆளுங்க நாலு நாள்ல முக்காலே மூணுவீசம் போட்டுட்டு, வேற எடத்துல அவசரம், நாளைக்கு வர்றோம்னு கெளம்பீட்டாங்க. கடைசி ஒரு அட்டை மட்டும் மிச்சம், சட்டத்துல நாலு ஸ்க்ரூவுல தொங்கிக்கிட்டு இருந்துச்சு. நாளைக்கு வருவாங்களாம். நமக்குத் திருப்புளி புடிக்கத் தெரியாதா? ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலயே முடிச்சுப்போட்டேன். ஒவ்வொண்ணுக்கும் அரைச் சுத்து, ஒண்ணு ரெண்டுக்கு முழுச் சுத்தே குடுத்தேன். மறுநாள் வந்த ஆளு ஏணில ஏறிப் பாத்துட்டு, பேப்பரு கிழிஞ்சு போச்சுங்ண்ணா, பேப்பருதானுங்ண்ணா புடிப்பு, உள்ள வெறும் சுண்ணாம்பு மாவுதான்னான். எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. எனக்கு ஸ்க்ரூ முடுக்கச் சொல்லித்தர்றயாடான்னு கேட்டுப்போட்டேன், சுபா இருந்துச்சு, துளசி இருந்தா. அந்த ஆளு எறங்கிப் பட்டி கலக்கப் போயிட்டான். பட்டி அடிச்சு மூடுனா எல்லாம் ஒண்ணாத்தான் தெரிஞ்சுது. இந்தப் பதினேழுல பன்னண்டு அந்த அட்டைல இருக்கறதுதான். என்ற அட்டை. கரெக்டா கட்டிலுக்கு மேல, அவ படுக்கற பக்கத்துக்கு மேல.

அஞ்சாவது ஸ்க்ரூ. கண்ணுல மாவு உழுகுது. தொடைச்சா எரியுது. அஞ்சாவது. கீமோவும் அஞ்சாவதுதான். என்ன நெனச்சாலும் அங்கதான் போயி முட்டுது, எந்தப் பக்கம் போனாலும் அந்தச் சுவத்துலதான் இடிக்கறேன். நாலு கீமோ போட்டப்பறம் ஸ்கேன் பாத்துட்டு டாக்டரம்மா சொன்னாங்க, கட்டி கொறையல, பெருசாகவும் இல்ல, இன்னொண்ணு போட்டும் பாக்கலாம், போடாம கொஞ்ச நாள் உடம்பத் தேத்தியும் பாக்கலாம், நீங்க யோசிச்சுச் சொல்லுங்கன்னாங்க. சின்ன வயசுப் பொண்ணுதான், சுபாவவிட ரெண்டு மூணு வயசு கூட இருக்கும், நல்லபடியாத்தான் எடுத்துச் சொன்னாங்க. நான் யோசிக்கல. துளசி என்ற சட்டையப் புடிச்சு இழுத்தா. போதுமுங்க, வாய்க்கு ருசியே இல்ல, ஒரு மாசம் ஊட்டுல இருந்து ரசஞ்சோறு தின்னுக்கறேன்னா. அவ எதையும் போதும்னு சொல்றவ இல்ல. கெணத்து வேல, சமையல், கம்பெனில செக்கிங், எதுலயும் போதும்னு சொன்னதில்ல. மொதத் தடவையா போதும்னா. நான் போடுங்கம்மான்னு டாக்டரம்மாகிட்டச் சொல்லிப்போட்டேன். நாலு போட்டவளுக்கு அஞ்சு போட்டா என்ன? இத்தன தூரம் வந்தாச்சு, இன்னும் கொஞ்சம் முடுக்குனா புடிச்சுக்கும். அதுதான் என்ற புத்தி. கைக்கு கெட்டியானதுக்கு அப்பறமும். அஞ்சாவது போட்டு ஆறாம் நாள் வாயெல்லாம் புண்ணு, எட்டாம் நாள் காச்சல், ரத்தத்துல அணுவே இல்லன்னாங்க, பத்தாம் நாள் ஆம்புலன்ஸ். பேப்பரு கிழிஞ்சு போச்சு. புடிப்பு அந்தப் பேப்பர்லதான் இருந்துச்சு. அந்த ஆளு அன்னைக்கே சொன்னான். நான் எறங்கி அவன் கால்ல உழுந்திருக்கோணும்.

இல்ல, எறங்கு. ஏணிய நகத்தோணும். இப்ப ஒம்பதாவது. கை மேல தூக்கியே இருக்கறதுல தோள்பட்டை மரத்துப் போச்சு, கழுத்து பின்னால போயி அப்புடியே புடிச்சுக்கிச்சு. ஊரு மெசினயெல்லாம் குனிஞ்சே பாத்தவன், நிமுந்து பாக்கற வேல பழக்கமில்ல. பேப்பரப் பிளேடுல அறுக்கறப்ப ஒரு சத்தம் வருது, ஆஸ்பத்திரில அவ கையில ஒட்டுன பிளாஸ்திரிய நர்சம்மா உரிக்கறப்ப வந்த சத்தம். அந்தப் பத்தொம்பது நாள்ல என்னென்ன கேட்டிருப்பேன், ஆனா ஒண்ணே ஒண்ணுதான் காதுல நின்னுருச்சு. முந்தாநேத்து டாக்டரம்மா வெளிய வந்து என்னயக் கூப்புட்டு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க சார், அவங்களுக்குப் புடிச்சதைச் செஞ்சு குடுங்கன்னாங்க. எனக்குக் காலு தரையில நிக்கல. வீட்டுக்கா! அட, வீட்டுக்குன்னு சொல்றாங்க! காச்சல் நின்னுருச்சு, வாய்ப்புண்ணு ஆறீட்டு வருது, புடிச்சதச் செஞ்சு குடுக்கச் சொல்றாங்க, அப்பறம் என்ன? படியில ஓடி எறங்கிக் கேண்டீன்கிட்ட நின்னு என்ற மச்சான் சென்னியப்பனுக்கு, துளசியோட அண்ணனுக்கு, போன் போட்டேன். மச்சான், டிஸ்சார்ஜ் பண்றாங்க, ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்னுட்டாங்க, புடிச்சதத் திங்கட்டும்னுட்டாங்கன்னு சொன்னேன். சத்தமாச் சொன்னேன், டீ குடிக்கறவங்க திரும்பிப் பாத்தாங்க. அந்தப் பக்கம் மச்சான் பேசல. லைன் கட்டாயிருச்சோன்னு அலோ அலோங்கறேன். லைன் இருக்குது, மூச்சு கேக்குது. அப்பறம் சொன்னாரு, மாப்ள, நாங் கெளம்பி வர்றனுங்கன்னு. மத்தவங்களுக்கும் சொல்லீர்றனுங்கன்னு. யாருக்குச் சொல்றது, எதுக்குச் சொல்றதுன்னு கேக்கறதுக்கு வாயத் தெறந்தேன், தெறந்த வாய மூட முடியல. ஊர்ல எத்தன பேருக்கு இதே வார்த்தையச் சொல்லி அனுப்பியிருக்கறாங்க. அடுத்தவங்களுக்குச் சொன்னா நமக்கு அர்த்தம் தெரியுது. நமக்குச் சொன்னா டிஸ்சார்ஜுன்னு நெனைக்கறோம். மறை கழண்டவன். கூமுட்ட.

அன்னைக்கே சுபாகிட்டச் சொல்லீட்டேன், அம்மாவுக்குத் தெரியக் கூடாதுன்னு. அது அழுதுக்கிட்டே, அம்மாகிட்டப் பொய் சொன்னா கண்டுபுடிச்சுரும்ப்பான்னுச்சு. நான் சொல்றேன், நீ தலைய மட்டும் ஆட்டுன்னேன். உள்ள போயி துளசி கையப் புடிச்சுக்கிட்டு, காச்சல் போயிருச்சு, ஊட்டுல இருந்தே மாத்திரை சாப்பிடலாமாம், தெம்பு வந்தப்பறம் மிச்ச வைத்தியத்தப் பாத்துக்கலாமாம்னு சொன்னேன். நல்லாத்தான் சொன்னேன், தடுமாறல. அவ என்ற மூஞ்சிய ஒரு நிமிசம் பாத்தா. அப்புடீங்களான்னா. அவ்வளவுதான். நம்பீட்டாளா? நம்பீட்டா. நம்பாட்டிக் கேள்வி கேட்டிருப்பா, என்னய ஒரு வார்த்தை பேச உடாம வக்கீலாட்டம் கேக்கறவ. கேக்கல, அப்ப நம்பீட்டா. நம்பிக்கிட்டு இருக்கறவள நம்ப வெச்சே கொண்டு போயிறோணும், வேற என்ன இருக்குது என்ற கையில. பயந்துக்கிட்டுக் கெடக்கக் கூடாது. சாவு வருதுன்னு தெரிஞ்சுக்கிட்டு இந்த நாலு சுவத்துக்குள்ள பகல் முச்சூடும் மேலயே பாத்துக்கிட்டு, அய்யோ, அதெல்லாம் வேண்டாம். அவளுக்குப் பதிலா நான் பயந்துக்கறேன். அது எத்தன நாளுக்கு வேணும்னாலும்.

பதினேழும் புடிச்சாச்சு. பழசு பதினேழும் டப்பாவுல கெடக்குது, ஆட்டுனா கலகலங்குது. தள்ளிப் பாத்தேன், அட்டை அசையல. பட்டியக் கலக்கி, தகட்டுல எடுத்து, ஒவ்வொரு குழியிலயும், பக்கத்துப் புது ஸ்க்ரூத் தலையவும் சேத்து, அமுக்கித் தேச்சு, ஓரத்த வழிச்சு. பழைய பெயிண்ட் இத்தன நாள்ல பழுப்பு ஏறிப்போச்சுன்னு இப்பத்தான் தெரியுது, புதுப் பட்டி பளீர்னு இருக்குது. வாசல்ல கோலத்துக்குப் புள்ளி வெச்சுட்டுக் கோடு இழுக்காம எந்திரிச்சுப் போன மாதிரி. பெயிண்ட் அடிச்சா மறஞ்சுரும். காயறதுக்கு ஃபேன் போட முடியாது, ஏணி நடுவுல நிக்குது. அட்டைத் துண்ட எடுத்து விசிறிக்கிட்டு இருக்கறேன், என்னயப் பாத்தா சிரிப்பா, சீலிங்குக்கு விசிறறான்னு. துளசி பாத்தா உழுந்து உழுந்து சிரிப்பா. மூணாவது கீமோ போட்டு வந்து படுத்திருந்தப்ப அவளுக்கு வேல இதுதான், மல்லாந்து படுத்துக்கிட்டுப் பருவு எண்றது. காலைல நான் காப்பி கொண்டு போனா, இன்னைக்கு ஒண்ணு சேந்திருக்குதுங்கன்னு சொல்லுவா, சன்னலோரம் ஒண்ணு வருதாட்டம் இருக்குதுங்கன்னு சொல்லுவா. நான் நிமுந்துகூடப் பாக்கறதில்ல. ஞாயித்துக்கெழம பண்றேன்னுவேன். எந்த ஞாயித்துக்கெழமன்னு அவ கேக்கறதில்ல, முப்பது வருசமா அவளுக்குத் தெரியும். ஊரு மெசினுக்கெல்லாம் கூப்புட்டா ஓடறவன், ஊட்டுக் குக்கர் கைப்புடிக்கு ஒரு மறை முடுக்கறதுக்கு ஆறு மாசம் ஆக்குனவன். கட்டுக் கம்பி வெச்சுக் கட்டி அவளாத்தான் சமைச்சா. அதத்தான் அன்னைக்குச் சொல்லிக்காட்டுனா. குக்கரத்தான் மொதல்ல சொன்னா. அப்பறம் மேல கையக் காட்டி. கைய நீட்டுனா, கையில ஊசி ஒட்டியிருந்துச்சு, அந்தக் கையால மேல காட்டி,

வந்துருச்சு. விசிறி கையில அப்புடியே நின்னு போச்சு. அவ சொன்னது வந்துருச்சு, ஒரு எழுத்து கொறையாம, அவ கொரல்லயே. "நீங்களா ஏணி போட்டு ஏறி இதச் செரி பண்றீங்கன்னு வெய்யுங்க, அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சு போயிரும், டாக்டருங்க கைய விரிச்சுட்டாங்கன்னு." அப்புடிச் சொல்லீட்டுச் சிரிச்சா. சிரிச்சுச் சிரிச்சு இருமல் வந்து, நான் தண்ணி எடுக்கப் போனேன், தண்ணி கொண்டு வந்தப்ப வேற பேச்சு. நானும் சிரிச்சேன். அதக் கேட்டு நானும் சிரிச்சேன்.

அடக் கடவுளே. பதினேழு. மேல பாக்கறேன், பதினேழும் பளீர்னு பாக்குது என்னய. மறக்கறதுக்கு இதுதானா கெடச்சுது. மறக்கல, தெரிஞ்சுதான் இருந்திருக்குது, மண்டை மூலையில இருந்துக்கிட்டே என்னய ஏத்தி உட்டிருக்குது. செரி, யோசி. அவ மறந்திருப்பா. கீமோவுல எல்லாம் மறந்து போகும்னு சொல்லுவாங்க. அவளா? எங்க கல்யாணத்துக்கு என்ற சித்தி கட்டியிருந்த சேலக் கலரு சொல்லுவா. பட்டியச் சொரண்டி எடுத்தர்லாம். எடுத்தா பதினேழு ஓட்டை, பக்கத்துல பதினேழு புது ஸ்க்ரூ. பழைய ஸ்க்ரூவத் திரும்பப் போட்டர்லாமா, எந்தக் குழிக்கு எந்த ஸ்க்ரூ, அட நீ மனுசனா, என்ன நெனைக்கறே. கட்டில ஹால்ல போடலாம், ரூம்புல ஒழுகுதுன்னு சொல்லலாம், மழையே இல்லாம ஒழுகுதா. கொசுவலை. வலையக் கட்டி மேல ஒரு வேட்டியப் போட்டுட்டா மேல ஒண்ணும் தெரியாது. ஆனா அவளுக்கு வலைக்குள்ள மூச்சு முட்டும், எப்பவும் முட்டும், கட்டுனவொடனே எதுக்குன்னு கேப்பா. பெயிண்ட். ஒரேயடியா பெயிண்ட அடிச்சு மூடீட்டா புள்ளி தெரியாது, சுபா ஆள் வெச்சு அடிச்சுதுன்னு சொல்லிப்போடலாம், நான் ஏறவே இல்ல, ஆள் வெச்சு, ஆமா, ஆள் வெச்சு. மணி என்ன? ஒண்ணேகால். அஞ்சு மணிக்குத்தான வர்றாங்க. பெயிண்ட் டப்பாவத் திருப்புளில நெம்பித் தெறந்து, பிரஷ்ஷ முக்கி, மொதல் புள்ளி மேல இழுத்தேன். ஈரப் பட்டி பிரஷ்ஷோட வழிஞ்சு வந்துருச்சு, குழி தெரியுது, சுத்தீலும் பெயிண்ட் ஈரம் இன்னும் பெரிய வட்டமாத் தெரியுது. ரெண்டாவதும் அப்புடித்தான். காயோணும். காயாம எதுவும் நடக்காது. நிறுத்து. மூணாவதுக்குக் கை போகுது, நிறுத்துன்னா நிக்க மாட்டேங்குது, இந்தக் கை எப்பவுமே நிக்காது.

போன் அடிக்குது. சுபா. டிஸ்சார்ஜ் பேப்பரெல்லாம் சீக்கிரம் முடிஞ்சுருச்சுப்பா, சொல்லலாம்னு பாத்தா நீங்க போன் எடுக்கல, அவிநாசி தாண்டீட்டோம், அம்மா முழிச்சுக்கிட்டுத்தான் வருதுங்குது. ஊடு எப்போ வரும்னு கேட்டுக்கிட்டே வருதாம். அவிநாசி தாண்டீட்டாங்க. இருவது நிமிசம். நாலு தடவ போன் வந்திருக்குது, விசிறீட்டு இருந்ததுல கேக்கல. எறங்கி ஏணிய மடக்குனேன், மடக்கி எங்க வெக்கறது, கதவுக்குப் பின்னால வெச்சேன், பாதி வெளிய நீட்டுது. பின்கட்டுல கொண்டு போட்டேன். கீழ கூட்டுனேன், வெள்ளை மாவு கூட்டக் கூட்டப் பறக்குது. பிளேடு, டப்பா, திருப்புளி, எல்லாத்தையும் மேசைக்குக் கீழ தள்ளுனேன். கட்டில இழுத்து பழைய எடத்துல போட்டு, சேலைய உருவி, வெளுத்த பெட்சீட்ட விரிச்சேன். காலு நாலும் தரையில இருந்த பள்ளத்துல சரியா உக்காந்துச்சு. கண்ணாடியப் பாக்கல. மூஞ்சி கழுவ நெனவு வரல. வாசல்ல வண்டி நிக்கற சத்தம்.

ரெண்டு ஆளுங்க தூக்கிட்டு வந்தாங்க, ரெண்டு பேரு வேண்டியதே இல்ல, ஒருத்தனே தூக்கியிருக்கலாம். கட்டல்ல போட்டாங்க. தலகாணிய நான் வெச்சேன். சுபா சிரிச்ச மூஞ்சியோட, பாரும்மா, ரூம்புக்கு உனக்காக பெயிண்ட் அடிக்கறாங்கன்னு சொல்லுச்சு, பாவம் அதுக்குத் தெரியாது. துளசி மொதல்ல என்னயத்தான் பாக்கறா. தலையில, புருவத்துல, சட்டையில வெள்ளை மாவு. அப்பறம் மேல பாக்கறா. ஃபேன், அப்பறம் சன்னலோரம், அப்பறம் அவளுக்கு நேர் மேல என்ற அட்டை. ஒதடு லேசா அசையுது, எண்றா. நான் சுவத்தோட சாஞ்சு நிக்கறேன். ஆள் வெச்சு அடிச்சோம்னு சொல்லோணும், வாயில வெச்சிருக்கறேன், வெளிய வர மாட்டேங்குது. எண்ணி முடிச்சுட்டா. கண்ண அங்க இருந்து எடுக்காமயே கேட்டா, "ஏறீட்டீங்களா?"

"மழைக்கு முன்னால பண்ணிறலாம்னு..."

"செரிங்க," ன்னா. அப்பறம் தனக்குத்தானே சொல்லிக்கற மாதிரி, "அப்பச் செரி."

சுபா ஒண்ணும் புரியாம எங்க ரெண்டு பேரையும் பாத்துட்டு, பால் காய்ச்சறேன்னு அடுப்படிக்குப் போகுது. துளசி அழல. பயந்த மாதிரியும் இல்ல. நான்தான் ரெண்டு கையையும் ஒண்ணோட ஒண்ணு புடிச்சுக்கிட்டு நிக்கறேன். அவ கண்ணத் திருப்பி என்னயப் பாக்கறா, கட்டல்ல தனக்குப் பக்கத்துல எடத்த வெரல்ல தட்டிக் காட்டறா. "அண்ணாந்தே இருந்திருக்கறீங்க, கழுத்து நோவுமே," ங்கறா. "இப்புடி வந்து படுங்க." படுக்கறேன், பட்டி மாவோட, அழுக்குச் சட்டையோட. பெட்சீட் வெள்ளையாகுது. இத்தன வருசத்துல அவ படுக்கற இந்தப் பக்கத்துல நான் படுத்ததில்ல. ரெண்டு பேரும் மேல பாக்கறோம். இங்க இருந்து பாத்தா பதினேழும் தெரியுது.